மைக்செட் கடை ரெக்கார்டு பிளேயரைக் குறைந்த செலவில் மறுபடி பாட வைக்க

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் பழைய மைக்செட்காரர் வீடுகளில் பரணைத் துழாவினால் இன்னும் ரெக்கார்டு பிளேயர் கிடைக்கும். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ஊர் ஊராகப் போய்ப் பாடிய பெட்டிகள், கேசட் வந்ததும் சாக்கில் சுற்றி மேலே ஏறிவிட்டன. அப்படி ஒன்று கைக்கு வந்தால் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஊசிக்கு என்று எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் உங்கள் நேரமும் கைவேலையும்தான்.

வந்த சந்தோஷத்தில் உடனே பிளக்கைச் சொருக வேண்டாம். உள்ளே ஓடும் வயரின் ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும், அதில் 230 வோல்ட் போகிறது. வயரை மாற்றுங்கள், உலோக அடித்தட்டுக்கு எர்த் கொடுங்கள், சுவிட்சின் குறுக்கே பழைய பேப்பர் கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிட்டு அதே மதிப்பில், மெயின் கரண்டுக்கென்றே செய்த எக்ஸ்2 வகை போடுங்கள். முதல் தடவை சீரிஸ் பல்பு (கரண்ட் வரும் வழியில் தொடராக மாட்டிய குண்டு பல்பு) வழியாகக் கரண்ட் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. மின்வேலை பழக்கமில்லை என்றால் இது மட்டும் எலக்ட்ரீஷியன் கையில் இருக்கட்டும்.

அப்புறம் இசைத்தட்டைத் தாங்கிச் சுற்றும் பிளேட்டைத் தூக்க வேண்டும். நடு அச்சில் சின்ன கிளிப் இருக்கும், அதை எடுக்காமல் இழுத்தால் அச்சு கெட்டுவிடும். சில மாடல்களில் அச்சுக்கு அடியில் ஒற்றை எஃகுக் குண்டு இருக்கும், அது உருண்டு ஓடும், ஆகவே கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் சைக்கிள் கடையில் அதே அளவுக் குண்டு கிடைக்கும். பழைய கிரீஸ் கறுத்து, பிசின் மாதிரி இறுகியிருக்கும். அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, மோட்டார் பேரிங்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள், போதும். நான் வாங்கிய ஒரு பெட்டியில் யாரோ தேங்காய் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். மார்கழி விடியலில் அது உறைந்து மோட்டார் முனகுமே தவிரச் சுற்றாது. கழுவி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

மோட்டார் புல்லிக்கும் பிளேட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் ஓடும், ஐட்லர் என்பார்கள். பாட்டுக்கு அடியில் ‘கடகட’ என்று கேட்டால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். வருஷக்கணக்கில் புல்லியோடு அழுந்திக் கிடந்து ஒரு இடம் தட்டையாகி, மேல்புறம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஆகியிருக்கும். நைஸான உப்புத்தாளால் சக்கரத்தைச் சுற்றவிட்டு லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். சொரசொரப்பு திரும்பிவிடும். தேய்த்தால் வேகம் மாறுமோ என்று பயப்பட வேண்டாம், வேகத்தைத் தீர்மானிப்பது புல்லியின் விட்டமும் பிளேட்டும்தான். நடுவில் ஓடும் இந்தச் சக்கரம் பெரிதானாலும் சிறிதானாலும் கணக்கு ஒன்றே. தட்டை ஆழமாக இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். மோட்டார் உட்கார்ந்திருக்கும் ரப்பர் புஷ்கள் இறுகியிருந்தால் அவற்றையும் மாற்றுங்கள், இரைச்சல் பாதியாவது அங்கேயே போய்விடும்.

வேகம் பார்க்க, ஓரத்தில் சம இடைவெளியில் கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் வட்டம் ஒன்றை அச்செடுத்துப் பிளேட்டில் வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்துக்கு 180 கோடு. பழைய சோக் வைத்த டியூப்லைட் கரண்டோடு சேர்ந்து துடிக்கும், அந்த வெளிச்சத்தில் கோடுகள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். சுற்றும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்ப்பக்கம் என்றால் குறைவு. எல்இடி விளக்கை நம்ப வேண்டாம், பலவற்றில் அந்தத் துடிப்பே இருக்காது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 33-க்குப் பதில் 28-கூட எட்டாது. எம்.எஸ். குரலே ஆண் குரலாகக் கேட்கும். 1.2 மடங்கு விட்டத்தில் புல்லி கடைந்தால் சரியாகும், மின்னழுத்தத்துக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மரும் வேண்டும்.

இனி ஊசி. மழுங்கிய ஊசி இசைத்தட்டின் பள்ளத்தைச் சீவிவிடும், சீவியது திரும்ப வராது. அதனால் பழைய ஊசி நன்றாகத்தான் பாடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுக்கு அகல முனை, 33⅓ சுற்று சுற்றும் எல்பி தட்டுக்கு மெல்லிய முனை, மாற்றிப் போடவே கூடாது. ஊசியைத் தாங்கும் கை கனமான பழையது என்றால் அதில் காந்தக் கார்ட்ரிட்ஜ் (கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் சின்னப் பெட்டி) மாட்ட ஆசைப்படாதீர்கள், அந்தக் கைக்குப் புது செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் ஒத்துவரும். எடைக்கட்டி வைத்த, தடங்கலில்லாமல் நகரும் கை என்றால் ஆடியோ டெக்னிகா ஏடி-3600எல் என்ற காந்தக் கார்ட்ரிட்ஜ் போடலாம், விலையும் குறைவு. அதற்கு ஃபோனோ பிரீஆம்ப், அதாவது அதன் மெல்லிய சிக்னலை முதலில் பெரிதாக்கும் பெட்டி, ஒன்று கட்டாயம்.

இந்தக் கார்ட்ரிட்ஜின் ஊசி தட்டின்மேல் தரும் அழுத்தம் 2.5-இலிருந்து 3.5 கிராமுக்குள் இருக்க வேண்டும். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரிக் குட்டி டிஜிட்டல் தராசு போதும். ஊசி, இசைத்தட்டு இருக்கும் அதே உயரத்தில் தராசின்மேல் உட்கார வேண்டும். தராசின் தட்டு இரும்பு என்றால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துத் தப்பாகக் காட்டும். ஒரு கட்டைத் துண்டை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, அதன்மேல் ஊசியை மெதுவாக இறக்குங்கள். எடைக்கட்டியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 3 கிராமில் நிறுத்துங்கள்.

பாடி முடித்ததும் சுவிட்சை மறக்காமல் ஆஃப் நிலைக்குக் கொண்டு வாருங்கள், அப்போதுதான் ரப்பர் சக்கரம் புல்லியை விட்டு விலகும். தட்டுகளைச் செங்குத்தாக அடுக்கி வையுங்கள். சித்திரை வெயிலில் மாடி அறையில் படுக்கப் போட்டால் வளைந்துவிடும்.