குடல் ஹார்மோன்களும் அவற்றின் ஏற்பிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடைக் குறைப்பு ஊசிகள் வந்த பிறகு ஜி.எல்.பி-1 என்ற குடல் ஹார்மோனின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. குடலும் ஹார்மோன் சுரக்கிறது என்பது பரவலாகத் தெரியவந்திருப்பது நல்லதுதான். ஆனால் பேச்செல்லாம் ஹார்மோனைச் சுற்றியே இருக்கிறது. அது போய் ஒட்டுகிற ஏற்பி, அதாவது ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் செல்லின் புரதம், எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

'இது பசி ஹார்மோன்', 'அது சர்க்கரை ஹார்மோன்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையை ஒதுக்குவதுதான் பெரிய தவறு. கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோனை உதாரணமாகப் பாருங்கள். கொழுப்பும் புரதமும் கலந்த கூழ் இரைப்பையிலிருந்து சிறுகுடலின் முதல் பகுதிக்கு வந்ததும், அங்குள்ள ஐ செல்கள் இதைச் சுரக்கின்றன. பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைத் தள்ளுகிறது. அந்த நீர் குடலுக்குள் இறங்கும் வாயிலைச் சுற்றியுள்ள தசையோ அதே நேரத்தில் தளர்ந்து வழிவிடுகிறது. கணையத்திலிருந்து நொதிகள் வருகின்றன. இரைப்பை காலியாகும் வேகம் குறைகிறது. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனியிலும் இதற்கான ஏற்பி உண்டு. அங்கிருந்து 'போதும்' என்ற செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. சுருங்குவதும் தளர்வதும் நிறைவதும் எல்லாம் ஒரே மூலக்கூறின் வேலை. ஏற்பி எந்த செல்லில் இருக்கிறது, அந்த செல் என்ன செய்யத் தெரிந்தது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ஒரு வேலைக்காக ஒரு ஹார்மோனைத் தூண்டினால் மற்ற வேலைகளும் கூடவே நடக்கும். ஜி.எல்.பி-1 மருந்துகளால் வரும் குமட்டலும் அப்படித்தான். அந்த ஏற்பி கணையத்தில் மட்டுமல்ல, மூளையிலும் இருக்கிறது.

ஏற்பி ஆள் பார்ப்பதில்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வடிவம் பொருந்தினால் போதும், உடலுக்குச் சம்பந்தமே இல்லாத மூலக்கூறும் அதை இயக்கிவிடும். வயிறு காலியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து குடல் வழியாக ஒரு சுருக்க அலை ஓடும். அதைத் தூண்டுவதில் மோட்டிலின் ஹார்மோனுக்குப் பங்குண்டு. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அதே மோட்டிலின் ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைப் பிசைவது போன்ற வலி வர இது ஒரு முக்கியக் காரணம். இரைப்பை சரியாக காலியாகாத நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இதையே மருந்தாகவும் தருகிறார்கள். ஆனால் சில வாரங்கள் தொடர்ந்தால் பலன் மங்கிவிடுகிறது, ஏனெனில் ஓயாமல் தூண்டப்படும் ஏற்பி மெல்ல மெல்ல பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாக வேலை செய்யும் என்ற கணக்கு ஏற்பிகளிடம் செல்லாது.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தருவது: 'இந்த உணவைச் சாப்பிடுங்கள், ஊசியே வேண்டாம்' என்ற பிரசாரம். நார்ச்சத்து பெருங்குடலில் நொதிக்கும்போது குறுங்கொழுப்பு அமிலங்கள் உருவாகின்றன. ஜி.எல்.பி-1-ஐச் சுரக்கும் குடலின் எல் செல்களின் மேல் அவற்றுக்கான ஏற்பிகள் இருக்கின்றன, அதனால் ஜி.எல்.பி-1 சுரக்கிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் உடலே சுரக்கும் ஜி.எல்.பி-1-இன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 2 நிமிடம். டிபிபி-4 என்ற நொதி அதை உடனுக்குடன் வெட்டிவிடும். ஜி.எல்.பி-1 ஏற்பியைத் தூண்டும் மருந்தான செமாக்ளூடைடின் அரை ஆயுளோ ஏறத்தாழ ஒரு வாரம். சில நிமிடங்கள் தொட்டுவிட்டுப் போவதையும் நாள் முழுக்க ஏற்பியை விடாமல் பிடித்திருப்பதையும் ஒரே தட்டில் வைக்கவே முடியாது. நார்ச்சத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதற்கு வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் அதை நம்பி மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள்.

'ஜி.எல்.பி-1 மருந்து போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்' என்ற பயமும் பாதிதான் சரி. ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போதுதான் இந்த ஏற்பி இன்சுலினைப் பெரிய அளவில் தூண்டும். தனியாக எடுக்கும்போது தாழ்சர்க்கரை அபாயம் குறைவு. கூடவே இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ இருந்தால் கதை வேறு, அவற்றின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கலாம்.

கிரெலின் விஷயத்தில் நடக்கும் தவறு மனிதர்களைக் காயப்படுத்துகிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த இந்த ஹார்மோன் இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டுகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது அதிகமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொதுவாக அவர்களுக்கு இது குறைவாகவே இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்து எடையைக் குறைத்தால் கிரெலின் ஏறுகிறது. இழந்த எடையைத் திரும்பப் பெற உடலே இழுக்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்று சொல்வது அநியாயம். மருந்தை நிறுத்தும்போதும் இதுபோலத்தான். செமாக்ளூடைடை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்த ஓர் ஆய்வில், குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. ஏற்பியின் மேலிருந்த தூண்டுதல் விலகினால் பசி பழையபடி திரும்பத்தான் செய்யும்.

கடைசியாக, மருத்துவரிடம் சொல்லாமல் விடும் தவறு. இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி கிடந்த பிறகும் உள்ளே உணவு தங்கியிருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது அது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜி.ஐ.பி (இன்னொரு குடல் ஹார்மோன்), ஜி.எல்.பி-1 ஆகிய இரண்டின் ஏற்பிகளையும் தூண்டும் டிர்ஸெபடைட் மருந்தைத் தொடங்கும் பெண்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களாக இருந்தால், மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். தொடங்கிய முதல் 4 வாரங்களுக்கும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பிறகு 4 வாரங்களுக்கும், ஆணுறை போன்ற வேறொரு முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.