காதல் தோல்விப் படம் எடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் எடிட்டிங்குக்கு என்னிடம் வருவதுண்டு. சமீபத்தில் வந்ததும் பழைய கதைதான்: மூன்று ஆண்கள், முறிந்துபோன காதல்கள், ஓயாத பேச்சு. லென்ஸ், லைட் சமாச்சாரமெல்லாம் யூடியூபில் கிடைக்கும், அதை விடுகிறேன்.

விட்டுப் போனவளைக் காட்டாமல் விடுவது

இது இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டுக் கொல்லை. பிராய் என்கிற திறந்தவெளி அடுப்பில் இறைச்சியை வாட்டிக்கொண்டே நண்பர்கள் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். "நான் என்னடா குறை வைத்தேன்?" என்கிறான் நாயகன். பார்க்கிறவனுக்கும் அதே கேள்விதான்! அவள் வருவதே கொஞ்ச நேரம்: சிரிக்கிறாள், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள்.

ஏன் போனாள் என்று இயக்குநரிடம் கேட்டேன். "ஆடியன்ஸ் யோசிக்கட்டும் அண்ணா" என்றார். சரி, யோசிக்கட்டும். எதை வைத்து? அவன் பேசும்போது அவள் முகம் எப்படி இருந்தது? அவன் வராத ராத்திரி அவள் என்ன செய்தாள்? ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்ததை வெட்டலாம், எடுக்காததை எடிட்டர் எங்கே போய்த் தேடுவது?

திரும்ப எடுக்கக் கிளம்பினார்கள். நடிகைக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்துவிட்டது. படம் எடுத்த வாடகை வீட்டில் வேறு குடும்பம். நாயகனோ அடுத்த படத்துக்கு வளர்த்த தாடியை எடுக்க முடியாது என்கிறார். கடைசியில் அவள் குரலில் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டைச் சேர்த்து ஒப்பேற்றினோம். படம் தேறவில்லை. கையில் இருந்த பணமும் போனது.

ஷூட்டிங்குக்கு முன்பே கதையை அவள் பக்கத்திலிருந்து எழுதிப் பாருங்கள். அவள் சொல்வதுதான் நியாயம் என்று படும்படி ஒரு சண்டையாவது வேண்டும்.

தாடி

தாடிக் காட்சிகளை முதலில் எடுங்கள். அப்புறம் மழியுங்கள்.

கடலில் சூரிய அஸ்தமனம்

டர்பன் கடற்கரை கிழக்கு பார்த்தது. விடியலில் எடுத்துவிட்டு மாலை என்றால் வெளியூர்க்காரர் நம்பலாம். முதல் காட்சிக்கு வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

ஹாடிடா

அழுகைக் காட்சியைக் காலையிலோ அந்தியிலோ வெளியில் வைக்காதீர்கள். ஹாடிடா என்கிற அரிவாள்மூக்கன் பறவை பெருங்குரலில் கத்தினால் வசனம் போச்சு.

சோகப் பாட்டு

பழைய தமிழ்ப் பாட்டைப் போட்டுவிட்டு, 1979 முதல் நடக்கும் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். உரிமை வாங்கியாயிற்றா என்றால் பதில் இல்லை. பாட்டுக்கு ஒரு அனுமதி, அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டும் கட்டுப்படியாகாவிட்டால் நம் ஊரில் இசை தெரிந்த பிள்ளைகளிடம் புதிய மெட்டு கேளுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.