இறக்குமதி ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) டூரிங் காருக்குச் சரியான உதிரிபாகம் பிடிப்பது எப்படி?

முன்சக்கரம் ஓரக்கல்லில் இடித்து நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் சிறு பாகம்) உடைந்தால், போனது விரல் நுனியளவு பிளாஸ்டிக்தான். ஆனால் அது கடல் தாண்டி வரவேண்டும். எண் தப்பிப்போய் வேறு பாகம் வந்தால் வண்டி இன்னும் பல வாரம் அலமாரியில்தான் கிடக்கும். முதல் தடவையே சரியான பாகம் கைக்கு வர என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பதிவு. எடுத்துக்காட்டுகள் 1/10 அளவு மின்சார டூரிங் காருக்கு, பெரும்பாலும் ஜப்பானின் டாமியா நிறுவன வண்டி. எக்ஸ்ரே, யோகோமோ, கியோஷோ, சகுரா வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான். ரிமோட்டை இணைப்பது, சார்ஜ் போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெட்டியின் பெயரை மறந்துவிட்டு சேசிஸ் பெயரைப் பிடியுங்கள்

பெட்டியின் மேல் இருப்பது பாடியின் (மேலோட்டின்) பெயர். ஒரே பாடி ஐந்தாறு சேசிஸ்களில் (அடிச்சட்டகங்களில்) வந்திருக்கும். ஒரே சேசிஸ் பல பாடிகளுக்கு அடியில் இருக்கும். உதிரிபாகம் பொருந்துவது சேசிஸுக்கு. வண்டியைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் அடித்தட்டிலேயே பெயர் அச்சாகியிருக்கும்.

அதிலும் வால் எழுத்தை விட்டுவிடாதீர்கள். டிடி-01, டிடி-01இ இரண்டுக்கும் கையேடு வேறு. டிடி-02 என்று மட்டும் சொல்லிக் கேட்டால் ஏமாறுவீர்கள்: டிடி-02பி என்பது பக்கி (கரடுமுரடான தரைக்கான வண்டி), டிடி-02 டைப்-எஸ்ஸில் சஸ்பென்ஷன் ஆர்மும் (சக்கரத்தைத் தாங்கும் கை) அதைப் பிடிக்கும் மவுண்டும் வேறு. பெட்டி இருந்தால் ஐந்து இலக்கக் கிட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டாமியா மின்சாரக் கிட்களில் பெரும்பாலானவை 58-இல் தொடங்கும். அந்த எண்ணை வைத்துத் தேடினால் சரியான கையேடு கிடைத்துவிடும்.

படி 2: கையேட்டின் கடைசிப் பக்கம்

பலரும் படமுள்ள பக்கங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது கடைசிப் பக்கத்தில் இருக்கும் உதிரிபாகப் பட்டியல். பிளாஸ்டிக் பாகங்கள் ஏ, பி, சி என்று எழுத்திட்ட சட்டங்களில் ஒட்டியபடி இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் அதில் ஒரு எண். உடைந்தது பி5 என்றால் பி5 மட்டும் விற்பனைக்கு வராது, பி சட்டம் முழுதும்தான் வாங்க வேண்டும். இது நஷ்டமில்லை. இடதும் வலதும் சேர்ந்தே வரும், மீதி உதிரியாகக் கையில் நிற்கும்.

ஒரு சேசிஸின் 'பி'யும் இன்னொன்றின் 'பி'யும் ஒன்றல்ல. ஆகவே எழுத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள், பட்டியலில் எதிரே இருக்கும் குறியீட்டைக் கொடுங்கள். ஐந்து இலக்கக் குறியீடு இருந்தால் அது பாக்கெட்டாகக் கடைகளில் விற்பது, தேடினால் கிடைக்கும். ஏழு, எட்டு இலக்கம் இருந்தால் அது வாடிக்கையாளர் சேவை வழியாகப் போகும் பாகம், கிடைக்க நாளாகும். இந்த இரண்டாம் வகையை உடையும் முன்பே ஒன்று வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

படி 3: இரண்டு பட்டியல் போடுங்கள்

வண்டியில் இருக்கும் பாதிப் பொருள் பொது அளவு. அதை இறக்குமதி செய்யவே தேவையில்லை.

பேரிங்தான் இதற்கு நல்ல உதாரணம். டாமியா 1150 என்று எழுதுவது வெளி விட்டம் 11, உள் விட்டம் 5 மி.மீ. என்பதைத்தான்; தடிமன் 4. பேரிங் கடையில் இதன் பெயர் எம்ஆர்115. அதேபோல 850 என்பது எம்ஆர்85 (5×8×2.5), 1060 என்பது எம்ஆர்106 (6×10×3). பெயருக்குப் பின்னால் இசட்இசட் என்றிருந்தால் உலோக மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. தூசியில் ஓட்டுபவர்களுக்கு ரப்பர் மூடியைத்தான் சொல்வேன். கிட்டோடு பிளாஸ்டிக் புஷ் (குண்டுகள் இல்லாத வளையம்) வந்திருந்தால், வேறெந்த மேம்பாட்டுக்கும் முன்னால் அதை பேரிங்காக மாற்றுங்கள். புஷ்ஷுக்குள் தூசி புகுந்தால் ஆக்சிலும் சேர்ந்து தேயும்.

பொது அளவில் வரும் மற்றவை: எம்3 திருகுகள், சக்கரத்தின் எம்4 நட்டு, 12 மி.மீ. சக்கர ஹெக்ஸ் (சக்கரம் உட்காரும் அறுகோணத் துண்டு), 540 அளவு மோட்டார் (அச்சு 3.17 மி.மீ., திருகு ஓட்டைகளுக்கு இடையே 25 மி.மீ.), 26 மி.மீ. அகல டூரிங் டயர், சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டார்), 257 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம்) பாடி. பாடி வாங்கும்போது அகலத்தையும் பாருங்கள்: மின்சார டூரிங்குக்கு 190 மி.மீ., நைட்ரோவுக்கு (எரிபொருள் இன்ஜின் வண்டிக்கு) 200.

அந்தந்த வண்டிக்கென்றே செய்வது: சஸ்பென்ஷன் ஆர்ம், நக்கிள், சி-ஹப் (நக்கிளைப் பிடிக்கும் பாகம்), கியர்பாக்ஸ் மூடி, ஸ்பர் கியர் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), டிரைவ் கப், டாக்போன் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கோப்பையும் தண்டும்). இறக்குமதிப் பணத்தை இந்தப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள். முன்பக்க ஆர்ம் சட்டம் இரண்டு, நக்கிள் சட்டம் இரண்டு, ஸ்பர் இரண்டு. தொடக்கத்துக்கு இது போதும். பளபளக்கும் அலுமினிய ஆர்ம் வேண்டாம். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், மிஞ்சினால் தான் மட்டும் உடையும். அலுமினிய ஆர்ம் இடியை அப்படியே அடித்தட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் கடத்திவிடும்.

படி 4: கியரை அளப்பது (பலர் சறுக்கும் இடம்)

"22 பல் பினியன்" (மோட்டார் அச்சில் மாட்டும் சிறு பல்சக்கரம்) என்று கேட்டு வாங்கி, பல் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஐந்தே நிமிடத்தில் ஸ்பர் மழுங்கிப்போவது அடிக்கடி நடக்கிறது. பல் எண்ணிக்கை மட்டும் போதாது, பல்லின் பருமனும் ஒத்துப்போக வேண்டும். டாமியா வண்டிகள் பெரும்பாலும் மாட்யூல் (மி.மீ.) கணக்கில் வரும். மற்ற பந்தய வண்டிகள் பெரும்பாலும் பிட்ச் (அங்குலக்) கணக்கில் வரும்.

கணக்கு எளிது: வெளி விட்டம் = மாட்யூல் × (பல் + 2). பிட்ச் தெரிந்தால் 25.4-ஐ அதால் வகுத்தால் மாட்யூல்.

22 பல் பினியனை வெர்னியரால் அளந்தால்:
- 0.6 மாட்யூல்: 14.4 மி.மீ.
- 48 பிட்ச் (0.529): 12.7 மி.மீ.
- 0.4 மாட்யூல்: 9.6 மி.மீ.
- 64 பிட்ச் (0.397): 9.5 மி.மீ.

டிடி-01, டிடி-02 இரண்டும் 0.6 மாட்யூல். அதில் 48 பிட்ச் பினியன் போட்டால் பல்லுக்குப் பல் இடைவெளி 1.88-க்கு எதிரே 1.66 மி.மீ. பினியன் பல் ஸ்பரின் பள்ளத்தில் விழாமல் அதன் நுனியில் ஏறும், பிளாஸ்டிக்தான் தோற்கும். 0.4-உம் 64 பிட்சும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கலந்து ஓட்டுபவர்கள் உண்டு. சத்தமும் தேய்மானமும் கூடும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒற்றைப்படைப் பல் உள்ள கியரில் ஒரு பல்லுக்கு நேரெதிரே பள்ளம் வரும், அதனால் அளவு சற்றே குறைவாகக் காட்டும். சுற்றித் திருப்பி, கிடைக்கும் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பினியன் தொலைந்திருந்தால் ஸ்பரை அளக்கலாம்: டிடி-02-இன் 70 பல் ஸ்பர் 43.2 மி.மீ. வரும்.

சில ஆரம்பநிலைச் சேசிஸ்களில் மோட்டார் திருகு ஓட்டைகள் நகராது. அங்கே கையேட்டு அட்டவணையில் உள்ள பல் எண்ணிக்கைகள் மட்டுமே பொருந்தும். டிடி-02-இல் கிட்டோடு வருவது 22/70. 70-ஐ 22-ஆல் வகுத்து, சேசிஸின் உள் விகிதம் 2.6-ஓடு பெருக்கினால் 8.27. பினியனில் பல்லைக் கூட்டினால் இந்த எண் குறையும், வேகம் கூடும், மோட்டாரும் சூடாகும்.

படி 5: ஆர்டர்

லித்தியம் பேட்டரியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முயலாதீர்கள். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது என்பது 2016 ஏப்ரல் முதல் சர்வதேச விதி. பேட்டரியை உள்ளூரிலேயே வாங்குங்கள். ஜப்பானிலிருந்து செட்டோடு வரும் சார்ஜரின் அடியில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், 220–240 வோல்ட் பிளக்கில் அதைச் செருகவே கூடாது.

படி 6: மாட்டுவது

ஜப்பானியக் கிட்டின் கூட்டல் குறித் திருகுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) திருப்புளி வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனை மேலே ஏறித் தலையை வழித்துவிடும். ஒரே ஒரு கருவிக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் இதற்குச் செய்யுங்கள். அடுத்தது 1.5, 2, 2.5 மி.மீ. ஆலன் முனைகள், சக்கர நட்டுக்கு 7 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர். பழைய அமெரிக்க வண்டி என்றால் ஆலன் முனைகள் அங்குல அளவில் வேண்டும், 2 மி.மீ.யை அழுத்திச் செருகினால் தலை உருண்டையாகிவிடும்.

பிளாஸ்டிக்கில் மரை வெட்டிய ஓட்டையில் திருகை மறுபடி போடும்போது, முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய மரையில் இறங்குவது கைக்குத் தெரியும். அதன் பிறகு வலமாக முறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு தடவையும் புதிய மரை வெட்டி, நாலைந்து முறையில் ஓட்டை தளர்ந்துவிடும். திருகுப் பசை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விழும். பினியனின் தலையில்லாத் திருகு மோட்டார் அச்சின் தட்டைப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் மாட்டிக்கொண்ட இடங்கள்

சர்வோ ஹார்ன் (சர்வோ அச்சில் மாட்டும் கை) பொருந்தவில்லை: அச்சின் பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரும்பாலும் ஃபுடாபா 25, ஹைடெக் 24, சான்வாவும் கேஓவும் 23. 25-ஐ 24-இல் தட்டி இறக்காதீர்கள். ஸ்டியரிங் நடுவில் நிற்காது.

ரிசீவர் பிடிக்கவில்லை: ரிமோட்டும் ரிசீவரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் மட்டும் சேராது. ஒரே ஃபுடாபாவிலேயே ஃபாஸ்ட் முறையும் எஸ்-எஃப்எச்எஸ்எஸ் முறையும் ஒன்றோடொன்று பேசாது.

பாடியின் பெயின்ட் உரிகிறது: பாலிகார்பனேட்டுக்கு டாமியாவில் பிஎஸ் வரிசை, அதுவும் உட்புறத்தில். டிஎஸ் வரிசை ஸ்டைரீன் மாடல்களுக்கு. அதைப் பூசினால் பாடி வளையும்போது செதில் செதிலாகக் கொட்டும்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உட்காரவில்லை: பழைய சேசிஸ்களின் பள்ளம் ஆறு செல் நிக்கல் கட்டுக்காக வளைவாக வார்த்தது. சதுர மூலை உள்ள உறை அதில் இறங்காது. வட்ட மூலை உறையுள்ள இரண்டு செல் லைப்போ வாங்குங்கள், பள்ளத்தை அறுக்க வேண்டாம். பழைய ஸ்பீட் கன்ட்ரோலரில் லைப்போ கட்-ஆஃப் (வோல்ட் குறைந்தால் தானே நிறுத்தும் வசதி) இல்லாவிட்டால் செல்லுக்கு 3.3 வோல்ட்டில் கத்தும் சிறிய அலாரத்தைப் பேட்டரியின் பேலன்ஸ் வயரில் மாட்டிவிட்டு ஓட்டுங்கள்.