சின்ன கோல்ஃப் காருக்கு வெள்ளை மேக் சக்கரம் மாட்டலாம்

டர்பன் சாட்ஸ்வர்த்தில் நான் வளர்ந்த தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிட்டி கோல்ஃப் கண்ணில் படும். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக் ஆலையில் ஃபோக்ஸ்வேகன் செய்த வண்டி. முதலில் வந்தவை சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாம் வெள்ளைச் சக்கரத்தோடு. மாமாவுடையது மஞ்சள். அதைத்தான் 64-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்போகிறோம். அதே உருவமுள்ள முதல் தலைமுறை கோல்ஃப் பொம்மை எதுவானாலும் சரி, மேல்கூடு மட்டும் உலோகமாக இருக்கணும்.

முதலில் வண்டியைப் பிரிக்கணும். அடியில் இரண்டு ரிவெட் தெரியும். நடுவில் ஆணியால் சின்னக் குழி போட்டு, 3 மி.மீ. டிரில் பிட்டால் மெதுவாகத் துளையுங்கள். ரிவெட்டின் தலை கழன்றதும் நிறுத்திடுங்க. ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் தூண் போய்விடும், திருகு போட இடமிருக்காது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலை வேண்டாம், தூள் கண்ணுக்குத்தான் வரும்.

அடுத்தது சக்கரம். புதுசாகச் செய்கிறவர்கள் பெயின்டில் பணத்தைக் கொட்டிவிட்டு, கிடைத்த சக்கரத்தை மாட்டிவிடுவார்கள். வண்டி டிராக்டர் மாதிரி நிற்கும். கொஞ்சம் கணக்குப் போடுங்க. அசல் வண்டியில் 13 அங்குல ரிம்; டயரோடு சேர்த்தால் சுமார் 575 மி.மீ. அதை 64-ஆல் வகுத்தால் 9 மி.மீ. அதுதான் நமக்கு வேண்டிய வெளிவிட்டம். டர்பனில் பசங்க 15 அங்குல மேக் (அலாய் ரிம்) போட்டு வண்டியை இறக்குவார்களே, அதிலும் வெளிவிட்டம் பெரிதாக மாறாது. ரிம் பெரிதாகும், டயர் மெலியும். ஆகவே பெரிய சக்கரம் தேடாதீர்கள், மெல்லிய ரப்பர் டயர் தேடுங்கள்.

பழைய அச்சுக்கம்பியை நடுவில் வெட்டி உருவுங்கள். அந்தப் பள்ளத்தில், புது அச்சு தளர்வாக நுழைகிற பித்தளைக் குழாய் ஒன்றை வைத்து, இரண்டு பக்கமிருந்தும் சக்கரங்களைச் செருகுங்கள். வண்டி உயரமாகத் தெரிந்தால் பள்ளத்தை அரத்தால் இன்னும் ஆழமாக்கி, குழாயை உள்ளே தள்ளணும். கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள். நாலும் தரையைத் தொடணும். எல்லாம் சரியான பிறகே குழாய்க்குப் பசை. நான் முதல் வண்டியில் சூப்பர் குளூவைத் தாராளமாக விட்டு, முன்சக்கரம் இரண்டையும் அசையாமல் பண்ணிவிட்டேன். போதாததுக்கு அதன் ஆவி ஜன்னலிலும் வெள்ளையாகப் படிந்துவிட்டது. எபாக்ஸிதான் நல்லது, குண்டூசி முனை அளவு போதும்.

பெயின்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜன்னல், சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உலோகக் கூட்டை மட்டும் பெயின்ட் ஸ்ட்ரிப்பரில் போடுங்கள். வீட்டுக்கு வெளியே, கையுறையோடு. சோப்பில் கழுவி உலர்த்தி, பிரைமர், பிறகு மஞ்சள், மூன்று நான்கு மெல்லிய பூச்சாக. ஜனவரியில் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அடித்தால் மேல்பூச்சு பால் மாதிரி வெளுக்கும். பெர்க் காற்று, அதாவது மலைப்பக்கமிருந்து வரும் சூடான வறண்ட காற்று, வீசும் நாளும் ஆகாது. பெயின்ட் வண்டியில் படுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும். ஜூன், ஜூலையில் காற்றடங்கிய ஒரு காலைப்பொழுது போதும்.

ரிம்மை டயரிலிருந்து கழற்றி, பல்குச்சியில் குத்தி வைத்து வெள்ளை அடியுங்கள். மாட்டிய பிறகு அடித்தால் டயரிலும் ஒழுகும், துடைக்கவே முடியாது.

கடைசியாகத் தூணில் 1.6 மி.மீ. துளை போட்டு, எம்2 டேப்பால் (2 மி.மீ. திருகுக்கான மரை வெட்டும் கருவி) மரை வெட்டித் திருகால் மூடுங்கள். இனி சக்கரம் மாற்றத் தோன்றினால் டிரில் வேண்டாம். நம்பர் பிளேட்டை மறந்துடாதீங்க: அந்தக் காலத்து டர்பன் வண்டி என்றால் 'என்டி' என்று தொடங்கணும். நான் மாமா வண்டியின் நம்பரையே காகிதத்தில் சிறிதாக அச்சடித்து ஒட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, பின்பக்கம் கோணலாக இருக்கிறது என்றார்.