உங்கள் டி அண்ட் டி உலகம் என்ன சாப்பிடுகிறது?

டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு. அதில் கதையை நடத்தும் கேம் மாஸ்டராகப் புதிதாக ஆகிறவர்கள் வரைபடத்தில் மலையும் ஆறும் போட்டு உலகத்தைத் தொடங்குவார்கள். அடுப்படியிலிருந்து தொடங்கினால் பாதி வேலை தானாக முடியும். தொல்காப்பியமே ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருளை அடுக்கும்போது தெய்வத்துக்கு அடுத்து உணவைத்தான் வைக்கிறது. இங்கே ஒரு கிராமம், ஒரு உணவு, அவ்வளவுதான். கணக்குகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள்படி.

படி 1: ஒன்றே ஒன்று

மெனு எழுதாதீர்கள். பன்னிரண்டு பதார்த்தம் வாசித்தால் மூன்றாவதிலேயே ஆட்கள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். ராஜ விருந்தும் வேண்டாம். அந்த ஊரில் ஏழை அன்றாடம் எதைத் தின்கிறான் என்று மட்டும் முடிவு செய்யுங்கள். நம் கிராமம் குளிர்ந்த வடகடல் ஓரத்தில் இருக்கிறது. மாதிரி, நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள். உணவு, காட் மீன் கருவாடு.

படி 2: 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போங்கள்

அந்தக் கருவாட்டுக்கு உப்பே போடுவதில்லை. ஏன்? தமிழ்நாட்டுக் கரையில் உப்பில்லாமல் காயவைத்தால் பெரிய மீன் உலர்வதற்குள் அழுகும். அங்கே குளிர் அழுகவிடாது. தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலைச் சேர்த்துக் கட்டி, பிப்ரவரியிலிருந்து மே வரை மரப்பந்தலில் காற்றாடத் தொங்கவிடுவார்கள். விறகுக்கட்டைபோல் இறுகிவிடும், வருடக்கணக்கில் கெடாது. சமைக்க வேண்டுமென்றால் ஒரு வாரம்போல் தண்ணீரில் ஊற வேண்டும்.

கடலோரத்தில் உப்புக்கா பஞ்சம்? பாத்தி கட்டிக் கடல்நீரைக் காயவைக்க அங்கே வெயில் போதாது. காய்ச்சி எடுக்கலாம், அதற்கு விறகு வேண்டும். அப்படியானால் ரொட்டி? தானியம் சரியாக விளையாத நிலம். மீனைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 1360 வாக்கில் நார்வேயின் பெர்கன் நகரில் நிலையம் அமைத்த ஹன்சா (வட ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பு) வணிகர்கள் மீனுக்குத் தானியம் கொடுத்தார்கள், கடனாகவும் கொடுத்தார்கள்.

ஒரு கருவாட்டைப் பிடித்து இழுத்ததில் தட்பவெப்பம், வணிகம், கடன் மூன்றும் வந்துவிட்டன. கதைக்கான முடிச்சும் இதிலேயே இருக்கிறது: கடுமையாக உறைந்தால் சதை சிதையும், வெப்பம் ஏறினால் ஈ மொய்க்கும். இந்த வருடம் குளிர் முன்பே விட்டுவிட்டது என்று வையுங்கள். மீன் போச்சு. தானியக் கப்பல்காரன் கடன் கொடுப்பானா?

படி 3: ஒரு விலையை மட்டும் மாற்றுங்கள்

விதிநூலில் ஒரு பவுண்டு கோதுமை 1 செம்புக்காசு, உப்பு 5 செம்பு, மிளகு 2 பொற்காசு. ஒரு செம்மறியாட்டின் விலையும் அதே 2 பொன். நம் ஊரில் உப்பை மட்டும் 5 வெள்ளி ஆக்குங்கள், பத்து மடங்கு. ஒரு ஆளின் ஒருநாள் கட்டுச்சோறும் 5 வெள்ளிதான், எடை 2 பவுண்டு. நான்கு பேருக்குப் பத்து நாளுக்கு 20 பொன், 80 பவுண்டு. எல்லா விலையையும் மாற்றினால் உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

படி 4: மந்திர ஓட்டையை அடைத்துவிடுங்கள்

பெரும்பாலான பஞ்சக் கதைகள் படுப்பது இங்கேதான். குட்பெர்ரி முதல்நிலை மந்திரம். ஒருமுறைக்கு 10 பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. ஐந்தாம் நிலை ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஒரு நாளைக்கான தன் ஒன்பது ஸ்லாட்டையும் (மந்திரம் போடும் வாய்ப்பு) இதிலேயே போட்டால் 90 பழம். தடை போடாதீர்கள். மந்திரத்துக்கான புல்லுருவிக் குச்சி ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோகும் என்று உங்கள் மேசைக்கு மட்டும் ஒரு வீட்டுவிதி வையுங்கள். அப்போது பொருளுக்குப் பதிலாகப் பயன்படும் மந்திரக் கருவியான ஃபோகஸைக் காட்டிச் சமாளிக்க முடியாது, மரம் அரிதான நம் தீவில் குச்சியும் எளிதில் கிடைக்காது. இதை முதல் செஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் சண்டைதான்.

உணவும் நீரும் வரவழைக்கும் கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் மந்திரத்தை அப்படியே விடுங்கள். ஒருமுறைக்கு 15 பேர். ஐந்தாம் நிலை கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி) நாளைக்கு இரண்டு முறை போடலாம், ஆக 30 பேர். ஊரில் 120 பேர். யாருக்கு என்று ஆட்டக்காரர்களே முடிவு செய்யட்டும்.

படி 5: பரிமாறுவது

இரண்டு மூன்று வரி, பிறகு ஒரு கேள்வி. "விடுதியில் சுவையான மீனும் ரொட்டியும் தருகிறார்கள்" என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"கிழவி கருவாட்டைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடிக்கிறாள். உங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு துண்டு. மூலையில் உட்கார்ந்திருக்கும் பேரனுக்கு இல்லை. 'சாப்பிடுங்கய்யா, அவன் அப்பவே சாப்பிட்டுட்டான்' என்கிறாள். சாப்பிடுகிறீர்களா?"

சந்தேகப்பட்டால் இன்சைட் (எதிராளி மனதைக் கணிக்கும் திறன்) சோதனை, டிசி (பகடையில் எட்ட வேண்டிய எண்) 10 போதும். பொய் தெரிந்தால்தான் காட்சி சூடுபிடிக்கும், மறைத்து ஒரு லாபமும் இல்லை. தின்றாலும் மறுத்தாலும் காலையில் ஊருக்கே தெரிந்திருக்கட்டும்.

மேசையில் நிஜத் தீனியும் வைப்பதானால் யாருக்கு எது ஒவ்வாது என்று முதலில் கேளுங்கள். பஜ்ஜி வேண்டாம், கேரக்டர் ஷீட் முழுக்க எண்ணெயாகிவிடும். வறுத்த கடலை நல்லது, டைஸுக்குப் பக்கத்தில் கொட்டாதவரை.