நன்றியைப் பழகும் முறை

தமிழில் ‘நன்றி’ என்ற சொல் பழைய வழக்கில் பெற்றவரின் உணர்வைவிடச் செய்தவரின் நற்செயலையே குறித்தது. பௌத்தர்கள் பாலி மொழியில் வழங்கும் ‘கதஞ்ஞுதா’ என்பதற்கும் செய்யப்பட்டதை அறிதல் என்றே பொருள். ஆகவே, உணர்ச்சி பொங்கி வரட்டும் என்று காத்திராமல், நடந்ததை அறிவதிலிருந்து தொடங்குங்கள்.

வாரத்தில் ஒருநாள் ஒருவரை நினைத்துக்கொண்டு, அவர் என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், அதனால் உங்களுக்கு என்ன மாறியது என்று எழுதுங்கள். ‘உதவிக்கு நன்றி’ என்பது போதாது, ‘அறுவை சிகிச்சை நடந்த இரவில், மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியிருந்தும், விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள், கண் விழித்தபோதெல்லாம் உங்கள் முகம் தெரிந்தது’ என்று எழுதும்போதுதான் அந்தச் செயலின் அளவு நமக்கே புரிகிறது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை நிறைவாக உணர்ந்தார்கள்.

இறைநம்பிக்கை உள்ளவர் இதையே வழிபாட்டில் சொல்லலாம். ஆனால் உரியவரிடமும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பது நபிமொழி.

நம்பிக்கை இல்லாதவருக்குத்தான் கடினமான கேள்வி எழுகிறது: நல்ல உடல்நலத்துக்கு யாரிடம் நன்றி சொல்வது? அந்த நன்றியை முகமறியாத ஒருவருக்குச் செய்யும் உதவியாக மாற்றுவதே நான் மதிக்கும் விடை. நன்றியைக் காரணம் காட்டி அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்பவரிடம் மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.