பொதிகைப் பக்கம் மலையேறப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "சீசன் ஆரம்பிச்சிட்டுல்லா, அப்படியே ஒரு மலை ஏறிட்டு வருவமா?" முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அருவியில் குளிக்க நல்ல காலம் வேறு, மலையேற நல்ல காலம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவில் கொட்டிவிட்டு முகட்டைத் தாண்டி வரும் மிச்சம்தான் நம் பக்கத்துச் சாரல். அம்பாசமுத்திரத்தில் வெயில் அடிக்கிற அதே நேரத்தில் மேலே மூடம் போட்டு, பத்தடி முன்னால் போகிறவர் முதுகு தெரியாமல் இருக்கும். பாறை முழுக்கப் பாசி. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய மலைகளில் காற்று ஆளையே தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளும் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன.

சரி, சாரல் முடியட்டும் என்று ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புவது அடுத்த தவறு. நாம் இருப்பது மலைக்குக் கிழக்கே. வடகிழக்குப் பருவமழை நம் சரிவில் நேராக வந்து மோதும். மார்கழி பிறந்தால் மழை விட்டுவிடும் என்றும் கணக்குப் போடாதீர்கள். 2023-இல் மார்கழி பிறந்த டிசம்பர் 17-ஆம் தேதியும் மறுநாளும் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது.

மாசிக் கடைசியிலிருந்து சித்திரைவரை புல் காய்ந்து கிடக்கும், ஓடைகள் பல வற்றிவிடும். போன மாதம் தண்ணீர் ஓடியதே என்று ஒரே ஒரு பாட்டிலோடு ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அதைவிடப் பெரிய பயம் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். புகையைப் பார்த்ததும் புல்லுக்குள் மேலே ஓடக்கூடாது. வெறும் பாறையோ, ஓடைப் படுகையோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரையோதான் தேட வேண்டும். ஆனால் தீக்காலத்தில் அங்கே போகாமல் இருப்பதுதான் சரி, வனத்துறை பாதைகளை மூடுவதும் அதற்காகத்தான்.

ஆக மிஞ்சுவது தையும் மாசியின் முற்பகுதியும். பொதிகையின் சிகரமான அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை போனக்காடு வழியாக அனுமதி கொடுப்பதும் ஏறக்குறைய இந்த மாதங்களில்தான்.

உயரத்தை வைத்து எடைபோடுவது இன்னொரு தவறு. அகத்தியர்கூடம் 1868 மீட்டர், மகேந்திரகிரி 1654 மீட்டர். இமயமலைக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்றார். ஊட்டிக்கே 2200 மீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகிறோமே என்று தோன்றும்தான். ஆனால் நம் மலை தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அம்பாசமுத்திரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. பணகுடியில் நின்று பார்த்தால் மகேந்திரகிரி வயல்காட்டிலிருந்து சுவர்மாதிரி எழும்பி நிற்கும். அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டும், ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். நனைந்த பனியனும் ஜீன்சும் உடம்பில் ஒட்டியிருக்க, அதன்மேல் காற்றும் அடித்தால் நம் ஊர்க்காரனுக்கும் உடம்பு விறைக்கும். நடுக்கம் நிற்காமல், பேச்சுக் குழற ஆரம்பித்தால் அவரை மேலே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காற்றுப்படாத இடமாக உட்காரவைத்து ஈரத்துணியை மாற்றுங்கள். ஒரு செட் காய்ந்த துணி பாலித்தீன் பையில் கட்டி எப்போதும் இருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் அநேகமாக எல்லோரும் ஏமாறுவது பொழுதில். போன் ஆறேகாலுக்கு அஸ்தமனம் என்று காட்டும். அது சமவெளிக் கணக்கு. நமக்கு மலை மேற்கே இருப்பதால் சூரியன் ஐந்து மணிக்கெல்லாம் முகட்டுக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் காட்டுக்குள், முக்கியமாக மூங்கில் இனமான ஈற்றைப் புதர்களுக்குள், கருக்கல் மளமளவென்று இறங்கும். யானை நடமாடும் நேரமும் அதுதான். பகல் ஒரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிகரம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் சரிதான்.

அட்டைக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். பிய்த்து எறியாமல் நகத்தால் தள்ளிவிட்டால் போதும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பதற வேண்டியதில்லை.

அனுமதி விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். "தெரிஞ்ச ஆள் இருக்காரு, குறுக்குப் பாதையில கூட்டிட்டுப் போவாரு" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். கால் பிசகி விழுந்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது யாருக்கும் தெரியாது, போனில் டவரும் இருக்காது. அரசு 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள்.

கடைசியாக, நான் ரொம்பவும் பயப்படுகிற தவறு: ஓடையைக் கடப்பது. காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடைதானே என்று சாயங்காலமும் அப்படியே இறங்குவது. நம் தலைக்குமேல் மழையே இருக்காது, மேலே ஏதோ ஒரு சரிவில் அரைமணி நேரம் கொட்டியிருக்கும்.

முண்டந்துறைப் பக்கம் அனுமதியோடு போன ஒரு நடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். இறங்கி வரும்போது ஓடை. தண்ணீர் கிட்டத்தட்ட காலையில் இருந்த மாதிரியேதான் எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன். கூட வந்த காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, சருகு வருது பாருங்க." பார்த்தால், காய்ந்த சருகுகளும் சுள்ளிகளும் நுரையோடு மிதந்து வருகின்றன. தண்ணீர் லேசாகத் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. "மேல ஏறி உக்காருங்க." நாங்கள் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சத்தம் மாறியது, அடியில் கல் உருளும் சத்தம். நான் கால் வைக்க இருந்த பாறை மூழ்கி, அந்த இடமே கசம்போல் சுழன்றது.

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவலும் கருப்பட்டியும் தின்றோம். எதிர்ப்பாறையில் தண்ணீர் இறங்கிய ஈரக்கோடு இரண்டு சாண் தெரிகிறவரை பெரியவர் அசையவில்லை. அப்புறம்தான் சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு கம்பை வெட்டி, ஆழம் பார்த்தபடி முதல் அடி வைத்தார்.